இடது காதின் சுருதி

மாதத்தில் ஒரு நாள் எங்கள் தெருவில் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. கம்பி, டிரான்ஸ்பார்மர் எல்லாம் பார்ப்பதற்காக நிறுத்துவார்கள். அருப்புக்கோட்டையில் மற்ற தெருக்காரர்களுக்கு அது ஃபேன் இல்லாத நாள். எங்கள் தெருவுக்கு அது சத்தம் இல்லாத நாள். வீட்டுக்கு வீடு விசைத்தறி. பழக்க தோஷத்தில் ஆட்கள் அன்றைக்கும் கத்தித்தான் பேசுவார்கள். பிறகு தங்கள் குரல் தங்களுக்கே பெரிதாகக் கேட்டு, வெட்கப்பட்டுத் தணித்துக்கொள்வார்கள்.

நான் வயலின் வாசிக்கிறவள். அந்த ஒரு நாளை ஆசையாக எதிர்பார்த்திருப்பேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சாதகம் பண்ணலாம்.

போன வருஷம் அப்படி ஒரு நாளில், சுருதிப் பெட்டியைப் போடுவதற்கு முன்னால், எங்கேயோ ஒரு தறி ஓடுவது கேட்டது.

"யார் வீட்லம்மா ஜெனரேட்டர் போட்டிருக்காக?" என்றேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். "எங்கயும் ஓடலையே."

"ஓடுதும்மா. தூரத்துல."

அம்மா வாசல் வரை போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார். நான் இடது காதைப் பொத்தினேன். தறி ஓடியது. வலது காதையும் பொத்தினேன். இன்னும் நன்றாக ஓடியது.

அன்றைக்கே இன்னொன்றும் தெரிந்தது. சுருதிப் பெட்டியைப் போட்டால் ஸட்ஜம், அந்த ஆதார 'ஸ', சொரசொரவென்று இருந்தது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து மாற்றினேன். சரியாகவில்லை. போனில் உள்ள தம்பூராவைப் போட்டு வலது காதில் வைத்தேன். சுத்தமான ஸட்ஜம். அதையே இடது காதுக்கு மாற்றினேன். அதே ஸட்ஜம் கொஞ்சம் இறங்கிக் கேட்டது. மறுபடியும் வலது காது, மறுபடியும் இடது. ஒரே போன், ஒரே தம்பூரா. எனக்குள் மட்டும் இரண்டு சுருதி.

வயலினை அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நான்கு தந்திகளையும் போனைப் பார்த்தே சேர்த்துவிடலாம். பச்சை விளக்கு வந்தால் சரி. ஆனால் வீணைக்கு இருப்பதுபோல வயலினுக்கு மெட்டு கிடையாது. எந்த இடத்தில் விரலை வைத்தால் காந்தாரம் என்று பலகையில் எழுதியிருக்காது. விரல் தேடும், காது 'அங்கேதான்' என்று சொல்லும். அப்படிச் சொல்லும் காதுகள் இரண்டும் எனக்கு ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரிக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். மதுரையிலிருந்து வருகிற பாடகி, எனக்கு அக்கா மாதிரி, "வயலினுக்கு வெளியாள் வேண்டாம், உங்க தெருப் பிள்ளையே இருக்கால்ல" என்று கமிட்டியில் சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இசைக் கல்லூரியிலும் படித்து, இப்போது பாளையம்பட்டியில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். கல்யாண மண்டபங்களில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஆனால் அந்தக் கோயில் மேடையில் எங்கள் தெரு ஆள் ஒருவரும் இதுவரை ஏறியதில்லை. மேடைக்குப் பந்தல் போடத்தான் ஏறியிருக்கிறார்கள். அப்பா தறிச் செட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். திருவிழாவுக்குள் என் காது எனக்குத் திரும்பி வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிறகுதான் சுற்றல் ஆரம்பித்தது. முதலில் இடது காது அடைக்கும், பிறகு அந்தத் தறிச் சத்தம் ஏறும், பிறகு சுவர், அலமாரி, காலண்டர் எல்லாம் கிளம்பிவிடும். கண்ணை மூடினாலும் நிற்காது. வாந்தி எடுத்து, தரையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். தரையைப் பிடிக்கிறேன் என்றால் நிஜமாகவே இரண்டு கையாலும் பிடிப்பேன்.

ஊரில் உள்ள டாக்டரிடம் அம்மாவோடு போனேன்.

"என்னம்மா பண்ணுது?"

"காது அடைக்குது சார். தலை சுத்துது."

"காலைல என்ன சாப்பிட்ட?"

நான் சொன்னதும் அவருக்குக் கேட்டதும் வேறு. நம் ஊர்ப் பேச்சில் காது அடைப்பது என்றால் பசி. பசி வந்தால் கண் இருட்டும், காது அடைக்கும். நான் இட்லி சாப்பிட்டேன் என்றேன். எத்தனை இட்லி என்றார். சார், பசி இல்லை, நிஜமாகவே காது, இடது காது என்று நான் விளக்குவதற்குள் அம்மா முந்திக்கொண்டார். வீட்டில் எங்களுக்குத் தெலுங்கு. வெளியே தமிழ். பதற்றம் வந்தால் அம்மாவுக்கு இரண்டும் கலந்துவிடும்.

"இவளுக்குக் கள்ளு திருகுது சார். நிக்கவே முடியல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "கள்ளா?"

"ஆமா சார். திடீர் திடீர்னு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் வேலை பார்க்கும் பெண் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தேன்.

"எங்க பாஷையில கள்ளுன்னா கண்ணு சார்," என்றேன் அவசரமாக. "தலை சுத்துறதைக் கண்ணு சுத்துதுன்னு சொல்லுவோம்."

"ஓ. கண்ணு சுத்துதா? அப்ப கண் டாக்டரைப் பாத்துருங்க. ரத்தமும் கம்மியாத்தான் தெரியுது." பிறகு அம்மா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் ஆயிருச்சா? மாசாமாசம் ஒழுங்கா வருதுல்ல?" என்றார்.

வெளியே வந்ததும், "ஏம்மா அங்க வந்து கள்ளு, சாராயம்னுட்டு? தலைசுத்துன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

"தலை எங்கடி சுத்துச்சு? தலை அப்பிடியேதான் இருந்துச்சு. கண்ணுதான் சுத்துச்சு. நான் பாத்ததைத்தான சொல்ல முடியும்?"

நான் காதில் வாங்கவில்லை. கண் டாக்டரிடமும் போனோம். ஒரு கண்ணாடி கொடுத்தார். அடுத்த முறை சுவர் சுற்றும்போது தெளிவாகச் சுற்றியது.

மதுரையில் பெரிய காது டாக்டர் ஒருவரைப் பார்க்கக் கிளம்பினோம். பஸ் காரியாபட்டி வருவதற்குள் சுற்றல் வந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மா கொண்டுவந்த பையில் வாந்தி எடுத்தேன். முன் சீட்டில் இருந்த பெரியம்மா திரும்பி, ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

"எத்தனாவது மாசம் தாயி?"

"மாசம் இல்லக்கா, காது," என்றார் அம்மா.

"காதுக்கா வாந்தி எடுக்கா?"

"ஆமா."

"எந்த ஊர்லயாவது காதுக்கு வாந்தி எடுப்பாகளா?" என்று அவர் பக்கத்து ஆளிடம் கேட்டார். பக்கத்து ஆள் என் கழுத்தைப் பார்த்தார். தாலி இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியம்மா எலுமிச்சம்பழத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மதுரை வரைக்கும் அம்மா அந்தப் பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "இது வெளிய தெரியக்கூடாது. கோயில்காரங்களுக்கும் தெரியக்கூடாது, ஒரு ஆளுக்கும் தெரியக்கூடாது," என்றார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு என் கல்யாணப் பயம். எனக்கு மேடைப் பயம். சுருதி போன வயலின்காரியை எவர் கூப்பிடுவார்?

மதுரை டாக்டர், காது சோதிக்கும் கண்ணாடி அறைக்கு அனுப்பினார். காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். குட்டிக் குட்டியாக, கொசு பாடுவதுபோல வந்தது. எல்லாம் கேட்டது. இடது காதில் எல்லாமே சுருதி விலகிக் கேட்டது. ஆனால் அதற்குப் பட்டன் இல்லை.

"நார்மல்," என்றார் டாக்டர், தாளைப் பார்த்து.

"சார், கேக்குது. ஆனா ரெண்டு காதுலயும் ஒரே ஸட்ஜமா கேக்கல. இடது காதுல இறங்கிக் கேக்குது."

"ஸட்ஜமா?" அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "நானும் பாட்டு கேப்பேம்மா. அவ்வளவு நுணுக்கமா எல்லாம் யோசிக்கக் கூடாது. வீட்ல தறி இருக்கா?"

"இருக்கு சார். ஆனா தறியால வந்தா ரெண்டு காதும்தான போகணும்? நான் படிச்சேன், இந்த மாதிரி ஒரு காதுல மட்டும்..."

"எங்க படிச்ச? போன்லயா?" அவர் அம்மாவைப் பார்த்தார். "படிச்ச பிள்ளைங்களோட இதான் பிரச்சனை. ரொம்ப யோசிக்குது. நல்ல இடமா பாத்துக் கல்யாணத்தைப் பண்ணி வைங்க, எல்லாம் சரியாயிரும்."

அம்மா, "சரிங்கய்யா," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் படித்தது ஒவ்வொரு வகுப்பாக, ஒவ்வொரு சண்டையாகப் போட்டுப் படித்தது. அதை ஒரு வியாதி மாதிரி அவர் சொன்னார். எழுந்து நின்று, "சார், நீங்க கேக்குதா இல்லையான்னு மட்டும்தான் பாத்தீங்க. எப்பிடிக் கேக்குதுன்னு பாக்கவே இல்ல," என்றேன். அவர் மணியை அமுக்கினார். அடுத்த ஆள் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

பிறகு என் மாணவி ஒருத்தியின் தாய் சொல்லித்தான் விருதுநகரில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். போகும்போதே இவரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்ற எண்ணம்தான். அவர் மேசை டிராயரிலிருந்து இரண்டு கொம்பு உள்ள ஓர் இரும்பை எடுத்தார். இசைக்கவை. கல்லூரியில் பார்த்திருக்கிறேன். முழங்கையில் தட்டி என் வலது காதருகே காட்டினார். பிறகு இடது.

"எந்தப் பக்கம் சத்தம் அதிகமா இருக்கு?"

"சத்தம் இருக்கட்டும் டாக்டர். இடது பக்கம் சுருதி இறங்குது."

"என்ன இறங்குது?"

வலது காதில் கேட்டதைப் பாடிக் காட்டினேன். அவர் மறுபடி தட்டி இடது காதில் காட்டினார். அதையும் பாடினேன். கதவருகே நின்ற நர்ஸ், "ரெண்டும் வேற வேறயா இருக்கே மேடம்," என்றார். டாக்டர் கவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இன்னொரு முறை தட்டினார். நான் இன்னொரு முறை பாடினேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்பிடி என்கிட்ட யாரும் சொன்னதில்ல," என்றார். "சுத்தும்போது கூட யாராவது இருப்பாங்களா?"

"அம்மா இருப்பாங்க."

"அடுத்த தடவை வந்தா, கண்ணைத் திறந்தே வச்சிருங்க. அம்மாவை உங்க கண்ணைப் போன்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. முகம் வேண்டாம், கண்ணு போதும்."

அது அடுத்த வாரமே வந்தது. அம்மா முதலில் தன் கட்டைவிரலை எடுத்தார், பிறகு கூரையை எடுத்தார், அதற்குப் பிறகுதான் என் கண் அகப்பட்டது. வீடியோ முழுக்க அம்மா தெலுங்கில் புலம்புவது கேட்கும். "சூடு, கள்ளு எட்ல திருகுதோ, சூடு." பார், கண் எப்படிச் சுற்றுகிறது பார் என்று, யாரோ நம்பாத ஆளிடம் சொல்வதுபோல.

சரியான பிறகு நான் அதைப் பார்த்தேன். என் கண்மணிகள் இரண்டும் ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்தன. சட்டென்று இழுத்துக்கொண்டு திரும்பின. மறுபடி நகர்ந்தன. அதை நான் செய்யவில்லை. என்னைக் கேட்காமலே நடந்தது. அம்மா ஆரம்பத்திலிருந்து சொன்னது பேச்சு வழக்கு இல்லை. பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். எங்கள் பாஷையில் அதற்கு ஏற்கெனவே வார்த்தையும் இருந்திருக்கிறது. அந்த வார்த்தையைத்தான் நான் நல்ல தமிழில் 'தலைசுத்து' என்று மாற்றி மாற்றி டாக்டர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் வீடியோவைப் பார்த்து, இன்னும் சில சோதனைகள் செய்து, நோய்க்கு ஒரு வெளிநாட்டுப் பெயரைச் சொன்னார். உள்காதில் இருக்கும் நீர் கூடிவிடுகிறதாம்.

"குணமாயிருமா?"

"குறைக்கலாம். மாத்திரை தரேன். உப்பைக் குறைங்க."

"சுருதி? அது திரும்புமா?"

அவர் சீட்டு எழுதுவதை நிறுத்தினார். "சில நாள் சரியா இருக்கும், சில நாள் இருக்காது. உறுதியா சொல்ல முடியல."

மதுரைக்காரரிடம் வந்த கோபத்தைவிட எனக்கு இவர்மேல்தான் அதிகக் கோபம் வந்தது. அவர் நோயே இல்லை என்று சொன்னதால், இருக்கிறது என்று சண்டை போட முடிந்தது. இவர் உண்மையைச் சொன்னார். உண்மையோடு என்ன சண்டை போடுவது? பஸ்ஸில் வரும்போது அழுதேன். அம்மா உப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் போர் போட்டால் தண்ணீரே உப்பாகத்தான் வரும். "தண்ணியவே குறைக்கச் சொல்லுவாக போல," என்றார். மறுநாளிலிருந்து எனக்குத் தனிக் குழம்பு. ஊறுகாய் இல்லை, கருவாடு இல்லை, காராச்சேவு இல்லை. அருப்புக்கோட்டையில் பிறந்து காராச்சேவு இல்லாமல் இருப்பதற்கு அந்த டாக்டரைத் திட்டாத நாள் இல்லை.

சுற்றல் குறைந்தது. சுருதி திரும்பவில்லை. திருவிழாவுக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் சாதகம் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா செட்டிலிருந்து வந்து, கை கால் கழுவப் போகுமுன் வழக்கம்போலக் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். தறிச் சத்தத்துக்காக அவர்கள் வைத்துக்கொள்வது. என் சிறுவயதில் அந்தப் பஞ்சோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றிருக்கிறார். "உங்க அப்பா காதுல என்ன முயல்குட்டியா?" என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். நான் எழுந்து போய் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து, தேங்காய் எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து, இடது காதில் இறுக வைத்தேன். தம்பூராவைப் போட்டேன். இடது காது முழுக்க அடைபடவில்லை. ஆனால் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வலது காது மட்டும் முன்னால் வந்தது. காந்தாரம் இருந்த இடத்தில் காந்தாரம் இருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எடுடி அதை! பொணத்துக்கு வச்ச மாதிரி."

"இது இல்லாம வாசிக்க முடியாதும்மா."

"சனம் பூரா முன்னால உக்காந்திருக்கும். அதை வச்சுக்கிட்டு உக்காருவியா?"

"அப்பா வச்சுக்கிறாருல்ல?"

"அவரு மேடையிலயா வாசிக்காரு?"

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

கச்சேரியன்று கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் பாடகி அக்காவிடம் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை. சொன்னால் என்னை மாற்றிவிடுவார் என்ற பயம். ஆனால் பஞ்சை வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காரத்தான் போகிறேன். மறைக்க முடியாது.

"இதை இப்பத்தான் சொல்றியா?" என்றார். முகம் மாறிவிட்டது. "இன்னும் அரை மணி நேரத்துல ஏறணும்."

"வலது காது சுத்தமா இருக்கக்கா. நீங்க எனக்கு வலது பக்கம்தான உக்காருவீங்க. அது போதும்."

"சுருதி சேத்துக் காட்டு."

பஞ்சை வைத்துச் சேர்த்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். மிருதங்க அண்ணன் வாரை இழுத்துக்கொண்டே, "அந்தப் பஞ்சுல எனக்கும் ரெண்டு குடும்மா. ரேடியோ செட்டுக்காரரு ஸ்பீக்கரை என் காதுகிட்டயே கட்டியிருக்காரு," என்றார். அக்கா சிரிக்கவில்லை.

"எங்கயாவது விலகுச்சுன்னா என் முகத்தைப் பாரு," என்றார். "மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

ஏறினோம். முன்வரிசையில் அம்மா, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, என் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தார். வயலின் உட்காருகிற வாக்கில் என் இடது பக்கம்தான் ஜனங்களுக்கு. ஊருக்கே பஞ்சு தெரிந்திருக்கும். ஆலாபனையில் ஓர் இடத்தில், மேலே போகும்போது, என் நிஷாதம் விலகியது. அக்கா என்னைப் பார்த்தார். விரலை ஒரு மயிரிழை தள்ளினேன். அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பார்க்கவில்லை. நான்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

முடிந்ததும் ஆட்கள் மேடையோரம் வந்து நின்றார்கள். அப்பாவோடு செட்டில் வேலை பார்க்கும் பெரியப்பா ஒருவர், சொந்தம் இல்லை, தெரு முறை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன தாயி, செட்டுல இருந்து நேரா வந்துட்டியா? காதுல பஞ்சு அப்பிடியே இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வில்லைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். அம்மா அவர் அருகில் போய் மெதுவாக, "அவளுக்கு எடது காது கொஞ்சம் சரியில்ல," என்றார்.

"என்னது?" அவர் காதருகே கையைக் குவித்தார். முப்பது நாற்பது வருஷம் தறி ஓட்டிய காது.

"எடது காது சரியில்ல!"

"சத்தமாச் சொல்லும்மா. கேக்கல."

அம்மா ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். கோயில் கமிட்டி ஆட்கள், பூக்காரி, பக்கத்துத் தெருப் பெண்கள், எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். ரேடியோ செட்டுக்காரர் அப்போதுதான் பாட்டை நிறுத்தியிருந்தார். அம்மா மூச்சை இழுத்து, செட்டில் நான்கு தறிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"எம் மகளுக்கு எடது காது சரியில்ல! வலது காதை வச்சுத்தான் இம்புட்டு நேரமும் வாசிச்சா!"

பெரியப்பா தலையை ஆட்டினார். "அதுக்கென்ன," என்றார். "எனக்கு ரெண்டும் போச்சு. எனக்கே நல்லாத்தான் கேட்டுச்சு."

அக்கா அப்போதுதான் சிரித்தார். நான் பஞ்சை எடுக்காமலே வயலினைப் பெட்டியில் வைத்தேன்.